ஸ்கோப்பைத் தாங்கும் மூன்று கால்கள்

ஒடிசாவின் சிலிகா ஏரியில் ஆண்டுதோறும் சனவரியில் நீர்ப்பறவைகள் கணக்கெடுக்கப்படுகின்றன. அண்மை ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தாண்டி நிற்கிறது. வாத்துகளை எண்ணுவது ஒப்பளவில் எளிது. உடல் பெரியது, நிறம் தெளிவானது. சேற்றுத் திட்டின் விளிம்பில் இரை கொத்தும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அப்படியல்ல. சேற்றின் நிறத்திலேயே சாம்பலும் பழுப்புமாய்த் திரியும் இப்பறவைகளைத் தொலைவிலிருந்து இனம் பிரிக்க முடியாதபோது, ‘இனம் அறியப்படாத சிறு கரைப்பறவைகள்’ என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி, அதற்கு எதிரே ஓர் எண்ணை இடுவது கணக்கெடுப்போர் வழக்கம். நேர்மையான வழக்கம்தான். ஆயினும் அந்த வரிக்கு ஒரு விலை உண்டு.

சிலிகா 1981-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு நீர்நிலையைப் பன்னாட்டு முக்கியத்துவம் உடையதாகக் கொள்வதற்கு ராம்சார் உடன்படிக்கை வகுத்துள்ள அளவுகோல்களில் இரண்டு நீர்ப்பறவைகளின் எண்ணிக்கையை நேரடியாகச் சார்ந்தவை. முதலாவது, 20,000 நீர்ப்பறவைகளுக்குக் குறையாமல் அந்த நீர்நிலை தொடர்ந்து தாங்கி வருவது. இரண்டாவது, ஓர் இனத்தின் அல்லது துணையினத்தின் ஒரு தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கேனும் அங்கே தொடர்ந்து தங்குவது. இனம் அறியப்படாத பறவைகள் முதல் கணக்கில் சேரும். இரண்டாவதில் எந்த இனத்தின் பெயரிலும் சேரா. ஓர் உள்ளான் இனம் அருகி வருகிறதா, பெருகுகிறதா என்ற கேள்விக்கு அந்த வரி எந்த விடையும் தராது. கண்ணுக்கு எட்டியும் கணக்குக்கு எட்டாத பறவைகள் அவை.

இந்த வரியைக் குறுக்குவதற்காகவே ஆய்வு மாணவர்கள் ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்குகிறார்கள். பைனாகுலர் எட்டு அல்லது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும். அதைக் கையில் பிடித்தே பார்க்கலாம். ஸ்கோப் பொதுவாக 20 முதல் 60 மடங்கு வரை காட்டும். அதைக் கையில் பிடித்துப் பார்க்க இயலாது. ஆகவே முக்காலி வேண்டும். இங்கேதான் பெரும்பாலோரின் திட்டம் பிசகுகிறது. ஸ்கோப்புக்காக ஓராண்டு பணம் சேர்ப்பவர், எந்தக் கண்ணாடி, எத்தனை மில்லிமீட்டர் முகப்பு என்று மாதக்கணக்கில் ஆராய்பவர், முக்காலிக்கு வரும்போது கையில் மிஞ்சியதைக் கொண்டு கிடைத்ததை வாங்குகிறார். யானையை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை இது.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஸ்கோப் ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு மட்டும் அசைந்தால் 100 மீட்டர் தொலைவில் அது நோக்கும் புள்ளி 1.7 சென்டிமீட்டர் நகர்கிறது. 300 மீட்டரில் ஐந்து சென்டிமீட்டருக்கும் சற்று மேல். கொசு உள்ளானின் அலகு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளமே உள்ளது. அதன் காலில் ஆய்வாளர் பூட்டும் குறியீட்டுக் கொடி அதனினும் சிறியது. காலின் கீழ்க்குழாய் காற்றில் நடுங்குவதை வெறுங்கண்ணால் காண முடியாது. ஆனால் 60 மடங்கில் அந்த நடுக்கமும் 60 மடங்காகிறது; பறவையின் அலகு ஒரு சாம்பல் தீற்றலாகக் கரைந்துவிடுகிறது. விலையுயர்ந்த கண்ணாடி பிரித்துக் காட்டியதை மெலிந்த கால் மீண்டும் கலைத்துவிடுகிறது.

மூன்று கால் என்பதே நிலைப்புக்கான ஏற்பாடு. நாற்காலி சமதளத்துக்கு உரியது. மேடுபள்ளமான மண்ணில் அதன் நான்காம் கால் அந்தரத்தில் தொங்கும். முக்காலிக்கு அந்தக் குறை இல்லை. எத்தகைய நிலத்திலும் மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை அமைத்துவிடும். ஆனால் ஆடாமல் நிற்பது வேறு, நடுங்காமல் நிற்பது வேறு. முதலாவதை எந்த முக்காலியும் செய்யும். இரண்டாவதுக்குத்தான் பணம் கொடுக்கிறோம். அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்பதே கேள்வி.

முதலில் குழாயின் தடிமன். சுவர்த் தடிப்பு மாறாத மெல்லிய குழாய் ஒன்றின் விட்டம் கூடக் கூட, வளைவை எதிர்க்கும் அதன் திறன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. 20 மில்லிமீட்டர்க் குழாயைவிட 28 மில்லிமீட்டர்க் குழாய் ஏறத்தாழ இரண்டேமுக்கால் மடங்கு விறைப்பானது. எடையோ ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை. எடையில் சிறிது இழந்து விறைப்பில் பெரிதும் பெறும் பேரம் இது. ஆகவே மேற்குழாயின் விட்டத்தை விற்பனையாளரிடம் கேட்க வேண்டும். அவருக்குத் தெரியாவிட்டால் அளவுகோலை எடுத்து அளந்து பார்க்க வேண்டும். 65 மில்லிமீட்டர் முகப்புள்ள ஸ்கோப்புக்கு 25 மில்லிமீட்டரைக் கீழெல்லையாகக் கொள்ளலாம். 80 மில்லிமீட்டருக்கு 28.

அடுத்தது மடிப்புகளின் எண்ணிக்கை. மடக்கினால் பைக்குள் அடங்கும் நான்கு, ஐந்து மடிப்பு முக்காலிகள் பயணிகளை ஈர்க்கின்றன. ஒவ்வொரு மடிப்பிலும் குழாய் மெலிகிறது. ஒவ்வொரு பூட்டும் தளர்வுக்கு ஓர் இடம். ஐந்தாம் மடிப்பின் குழாய் சில முக்காலிகளில் எழுதுகோலைவிடச் சற்றே பருமனாக இருக்கும். நிலத்தைத் தொடுவது அதுதான். மூன்று மடிப்புள்ள முக்காலி மடக்கிய நிலையிலும் நீளமாக இருக்கும், பேருந்தில் இடைஞ்சல் தரும். அந்த இடைஞ்சலைப் பொறுத்துக்கொள்பவருக்கு அதே விலையில் கூடுதல் நிலைப்பு கிடைக்கிறது.

உயரம் பற்றிய முடிவு முக்காலிக் கடையில் எடுக்கப்படுவதன்று. ஸ்கோப் வாங்கும்போதே எடுக்கப்படுகிறது. கண்வில்லை நேராக அமைந்த ஸ்கோப்பில் நின்று பார்ப்பவரின் கண் மட்டத்துக்கே கருவி உயர வேண்டும். கண்வில்லை 45 பாகை சாய்ந்த ஸ்கோப்பில் குனிந்து பார்க்கலாம். முக்காலி தாழ்ந்திருந்தால் போதும். நடுத்தர உயரமுள்ளவருக்குக் கால்களின் உயரம் மட்டும் 120, 125 சென்டிமீட்டர் இருந்தாலே அது நிறைவாகப் பயன்படும். குறைந்த உயரம் என்றால் குறைந்த விலை, குறைந்த எடை, குறைந்த நடுக்கம். உயரம் வேறுபட்ட நால்வர் ஒரே ஸ்கோப்பைப் பகிரும்போதும் சாய்ந்த கண்வில்லையே உதவுகிறது: குட்டையானவருக்கு ஏற்ப நிறுத்திவிட்டால் நெடியவர் குனிந்துகொள்வார்.

நடுத்தண்டை உயர்த்தி இக்குறையை ஈடுசெய்யலாம் எனச் சிலர் எண்ணுவர். உயர்த்திய நடுத்தண்டு, முக்காலியின் உச்சியில் நடப்பட்ட ஒற்றைக்கால். கீழே மூன்று கால்கள் ஈட்டிய நிலைப்பை மேலே அந்த ஒன்று செலவழித்துவிடும். தண்டை உயர்த்தாமலேயே தேவையான உயரத்தை எட்டும் முக்காலியே வேண்டும். விளம்பரத்தில் அச்சிட்டிருக்கும் உயரம் பெரும்பாலும் தண்டை உயர்த்திய உயரம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கால்களுக்கு நிகரான கவனம் தலைக்கும் உரியது. ஒளிப்படக்காரர் விரும்பும் பந்துத் தலை ஸ்கோப்புக்கு ஒவ்வாது. பிடியைத் தளர்த்தியதும் அது எல்லாத் திசைகளிலும் ஒரே நேரத்தில் விடுபடும். முன்கனமுள்ள ஸ்கோப் சட்டெனத் தலைகுப்புறச் சாயும். பறவைக் கூட்டத்தை இடமிருந்து வலமாக ஒரே சீராகத் துழாவி எண்ணுவதற்கு, கிடைமட்ட அசைவும் மேல்கீழ் அசைவும் தனித்தனியே இயங்கும் வீடியோத் தலை தேவை. அதுவும் உள்ளே பிசுபிசுப்பான எண்ணெயின் தடையோடு மெதுவாக நகர்வதாக இருந்தால் நன்று. மலிவான தலைகளில் ஒரு குறை பொதுவாகக் காணப்படும். பறவையை நடுவில் நிறுத்திப் பிடியை இறுக்கிக் கையை எடுத்ததும் காட்சி சற்றே கீழே இறங்கிவிடும். 30 மடங்கில் ‘சற்றே’ என்பது பறவை காட்சியிலிருந்தே மறைவதாகும். இக்குறையுள்ள தலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்க்கத்தக்கது.

‘தாங்கும் எடை’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்புவதற்கில்லை. எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் சோதித்துத் தரும் எண் அன்று அது. உடையாமல் தாங்குவதையே அது பெரும்பாலும் சொல்கிறது. நடுங்காமல் தாங்குவதைச் சொல்வதில்லை. ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஸ்கோப்புக்கு நான்கு, ஐந்து கிலோ தாங்குவதாக அறிவிக்கப்பட்ட முக்காலியைப் பார்ப்பது பாதுகாப்பான வழக்கம்.

இனி விலை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தகுதியின்றி ஆய்வில் சேர்ந்தவருக்கான உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு அது 37,000. இருவரும் நிற்பது அதே சேற்றங்கரையில்தான். எண்ணுவதும் அதே பறவைகளைத்தான். முன்னவருக்குக் கார்பன் இழை முக்காலி கனவிலும் எட்டாதது. ஆனால் அவர் இழப்பது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒரே அளவுள்ள அலுமினியக் கால்களுக்கும் கார்பன் கால்களுக்கும் எடை வேறுபாடு பெரும்பாலும் அரைக்கிலோவுக்குள் அடங்கும். கார்பன் அதிர்வை விரைவாக அடக்குகிறது என்பது உண்மை; விலை இரண்டு மடங்காகவோ அதற்கு மேலாகவோ இருக்கிறது என்பதும் உண்மை. இமயத்தில் நாள்முழுதும் ஏறுபவருக்கு அந்த அரைக்கிலோ பெரிது. ஏரிக்கரையில் ஒரு கிலோமீட்டர் நடந்து ஓரிடத்தில் மூன்று மணி நேரம் நிற்பவருக்கு அது பொருட்டன்று. காற்று வீசும் கரையில் அரைக்கிலோ கூடுதல் எடை ஓரளவு துணையும்கூட. பணம் குறைவாக உள்ளவர் முதலில் கைவிட வேண்டியது கார்பனை. அடுத்து உயரத்தை. அதன்பின் மடக்கிய நிலையின் சிறுமையை. கைவிடக் கூடாதவை தடிமனும் தலையும்.

புதியதை விட்டுப் பழையதைத் தேடுவோருக்கு இரு வழிகள் உள்ளன. திருமணப் படப்பிடிப்பாளர்கள் கையில் ஏந்தும் கிம்பலுக்கு மாறியபின் ஒதுக்கிவைக்கும் வீடியோ முக்காலிகள் முதல் வழி. இரட்டைக் குழாய்க் கால்களும் எண்ணெய்த் தடையுள்ள தலையும் கொண்டவை, கனமானவை, அந்தக் கனமே விலையைக் குறைக்கிறது. நிலஅளவையாளர் பயன்படுத்தும் முக்காலி இரண்டாவது. மரத்தாலான பழையது கிடைத்தால் நற்பேறு: அதிர்வை விழுங்குவதில் மரத்துக்கு நிகரானவை சிலவே. ஆனால் அதன் உச்சியில் உள்ள திருகு எட்டில் ஐந்து அங்குலம். ஒளிப்படத் தலைகளுக்கு உரியதோ எட்டில் மூன்று அல்லது நான்கில் ஒன்று. லேத் பட்டறையில் ஓர் இடைத்தகடு கடைந்து வாங்கினால் இரண்டும் பொருந்தும். ஒரே காவல் கோபுரத்திலிருந்தோ ஒரே கரையிலிருந்தோ பருவம் முழுதும் நோக்குபவருக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு அரிது.

எதை வாங்கினாலும் ஸ்கோப்பைக் கடைக்கு எடுத்துச் சென்று சோதிப்பது நல்லது. முக்காலியின் கால்களை முழுதும் நீட்டி, ஸ்கோப்பைப் பொருத்தி, தெருக்கோடியில் உள்ள பெயர்ப்பலகை ஒன்றை 30 மடங்கில் நோக்கிக் கொண்டு, ஒரு காலை விரலால் சுண்ட வேண்டும். காட்சி ஒரு நொடிக்குள் அடங்கினால் ஏற்கலாம். மூன்று, நான்கு நொடி தள்ளாடினால் திருப்பித் தரலாம். புவனேசுவரத்தில் இச்சோதனை இன்னும் நுட்பமாகிறது. ஒடிய எழுத்துகளில் பலவற்றின் மேற்பகுதி ஒரே குடை வளைவு. ஓரெழுத்தை மற்றோர் எழுத்திலிருந்து பிரிப்பது பெரும்பாலும் கீழே உள்ள சிறு சுழியோ கோடோதான். நடுங்கும் ஸ்கோப்பில் பலகை முழுதும் குடைகளாகத் தெரியும். அசையாத ஸ்கோப்பில் சுழிகள் பிரிந்து சொல் ஆகும். உள்ளானை உள்ளானிலிருந்து பிரிப்பதும் இத்தகைய சிறு வேறுபாடே.

களத்தில் பின்பற்ற வேண்டிய சிலவற்றுக்குப் பணமே தேவையில்லை. கால்களை நீட்டும்போது தடித்த மேற்குழாய்களை முதலில் நீட்ட வேண்டும். மெலிந்த கீழ்க்குழாய் கடைசித் தேவைக்கு. நிற்பதைவிட மடக்கு நாற்காலியில் அமர்ந்து நோக்கினால் அந்தத் தேவையே எழாது. சேற்றில் கால்முனை புதையாதிருக்கக் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து அடியில் வைக்கலாம். காற்றடிக்கும் நாளில் நடுத்தண்டின் கொக்கியில் பையைத் தொங்கவிடுவோர் அது நிலத்தைத் தொடுமாறு விட வேண்டும். அந்தரத்தில் ஊசலாடும் பை நடுக்கத்தைக் கூட்டும். சிலிகாவின் நீர் உவர்நீர். வீடு திரும்பியதும் நன்னீரில் கால்களைக் கழுவிப் பூட்டுகளைத் திறந்து உலரவிடாவிட்டால் ஒரு பருவத்திலேயே உப்பு அவற்றைத் தின்றுவிடும். படகில் முக்காலிக்கு வேலை இல்லை. நீரோடு சேர்ந்து அதுவும் ஆடும். மரத்தளமிட்ட காவல் கோபுரத்தில் ஒருவர் நடந்தாலும் காட்சி குலுங்கும். ஒருவர் நோக்கும்போது மற்றவர் அசையாதிருப்பதே அங்கு முக்காலி.

எந்த முக்காலியாலும் தீராத ஒன்றும் உண்டு. வெயில் ஏறியபின் சேற்றிலிருந்து எழும் வெப்பக் காற்று காட்சியை அலையலையாக நெளிக்கும். அப்போது 60 மடங்கு என்பது நெளிவை 60 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதே. சிலிகா போன்ற வெப்பநிலக் கரைகளில் காலையின் முதல் சில மணி நேரத்துக்குப்பின் பயன்படுவது 25, 30 மடங்குதான். சிக்கனம் நாடுபவருக்கு இது ஆறுதலான செய்தி. 60 மடங்கை அசையாமல் தாங்கும் முக்காலிக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி, அந்த 60 மடங்கைப் பயன்படுத்தவே முடியாத பொழுதுகளுக்கான செலவு. 30 மடங்கில் நடுங்காத முக்காலி போதும் என்று முடிவு செய்பவர் பட்டியலில் ஒரு படி கீழே இறங்கலாம்.

நிறுவனப் பணத்தில் வாங்குவோருக்கு வேறொரு கவனம் தேவை. விலைப்புள்ளி கோரி, குறைந்த விலை குறித்தவருக்கே ஆணை தரும் முறையில், ‘முக்காலி, 1’ என்று மட்டும் எழுதினால் வந்து சேர்வது அந்தப் பெயருக்குரிய மிக மலிவான பொருளாகவே இருக்கும். அதன் குற்றம் அலுவலகத்தைச் சேராது. ‘அலுமினியம், மூன்று மடிப்பு, மேற்குழாய் விட்டம் 28 மி.மீ.க்குக் குறையாதது, நடுத்தண்டை உயர்த்தாமல் 125 செ.மீ. உயரம், எண்ணெய்த் தடையுள்ள வீடியோத் தலை, ஐந்து கிலோ தாங்கு திறன்’ என்று எழுதினால் அதே முறையே நல்லதைக் கொண்டுவரும். தேவையைச் சொல்லாகத் துல்லியப்படுத்துவதும் ஆய்வாளரின் வேலையே.

கரண்டி அலகு உள்ளான் என்றொரு பறவை உண்டு. உலகில் எஞ்சியிருப்பவை சில நூறே; இந்தியக் கிழக்குக் கரையில் மிக அரிதாகத் தென்பட்டிருக்கிறது. பக்கவாட்டில் அதன் அலகு மற்ற சிற்றுள்ளான்களின் அலகைப் போலவே தோன்றும். தலையை நோக்குபவர் பக்கம் திருப்பும் நொடியில்தான் நுனியின் கரண்டி வடிவம் புலப்படும். ஆயிரம் உள்ளான்களுக்கு நடுவே அப்படியொன்று தலை திருப்பும்போது, காட்சி அடங்குவதற்காக மூன்று நொடி காத்திருக்கும் நிலையில் நோக்குபவர் இருந்தால், அந்தப் பறவையும் ‘இனம் அறியப்படாதவை’ என்ற வரியில் ஓர் எண்ணாகச் சேர்ந்துவிடும். அப்படி ஒன்று வந்து போனதை ஒருவரும் அறியப்போவதில்லை. சில ஆயிரம் ரூபாயை எங்கே செலவிடுவது, எங்கே மிச்சப்படுத்துவது என்ற கணக்கை இவ்வளவு பொறுமையாகப் போட வேண்டியிருப்பது அதனால்தான்.